புற்றுநோய் மருந்துகள் டி.என்.ஏ.யைத் தாக்குவது எவ்வாறு?

மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவச் செலவுக் கோப்புகளைப் பரிசீலிக்கும் பொறுப்பு சில ஆண்டுக்காலம் என்னிடம் இருந்தது. ஒரு நாள் வந்த கோப்பு, சூலகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஓர் ஊழியரின் மனைவியைப் பற்றியது. ஒரே மருந்தை மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வீதம் நான்கு முறை வாங்கியதற்கான ரசீதுகள் அதில் இருந்தன. மேலும் இரு தவணைகளுக்கு முன்பணம் கோரும் விண்ணப்பமும் இருந்தது. மூன்றாம் தவணைக்குப் பின் எடுத்த படத்தில் கட்டி ஏதும் தென்படவில்லை என்ற மருத்துவ அறிக்கையும் உடன் வைக்கப்பட்டிருந்தது. "கட்டி மறைந்துவிட்ட நிலையில் அதே மருந்தை மேலும் வாங்க வேண்டிய அவசியம் யாது?" என்று பிரிவு அலுவலர் குறிப்பெழுதியிருந்தார். பொருளாதாரம் பயின்ற எனக்கு அவ்வினா முற்றிலும் நியாயமாகவே பட்டது. விளக்கம் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பினேன்.

மருத்துவமனையிலிருந்து வந்த விளக்கம் நான்கே வரிகள். அதைப் புரிந்துகொள்ள நான் படித்தறிந்தவையே இக்கட்டுரையின் பொருளாகும்.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானோர் ஏறத்தாழ 14.6 லட்சம் பேர் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் பதிவேட்டுத் திட்டம் வெளியிட்ட மதிப்பீடு. இவர்களில் பெரும் பகுதியினர் நோயின் ஏதாவதொரு கட்டத்தில் கீமோதெரபி எனப்படும் வேதிச் சிகிச்சையைப் பெறுகின்றனர். இச்சிகிச்சைக்குரிய மருந்துகள் பல வகைப்பட்டவை. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் போன்றவை உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதற்குத் துணைநிற்கும் நுண்ணிழைகளைக் கெடுக்கின்றன. ஆயினும் நெடுங்காலமாக வழக்கில் உள்ள மருந்துகளுள் பெரும்பாலானவை உயிரணுவின் டி.என்.ஏ.யையே குறிவைக்கின்றன. இங்கு எடுத்துக்கொள்வது அவற்றை மட்டுமே.

உயிரணுவின் மூல ஏடு

மனித உயிரணு ஒவ்வொன்றிலும் உள்ள டி.என்.ஏ.யைப் பிரித்து நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர் நீளம் வரும். முறுக்கிய நூலேணி போன்ற அதன் அமைப்பில், பெற்றோரில் ஒருவர் வழியாக வந்த தொகுதியில் மட்டும் ஏறத்தாழ 300 கோடி படிகள் உள்ளன. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கு காரங்கள் இணையிணையாகச் சேர்ந்து இப்படிகளை அமைக்கின்றன. உயிரணு இரண்டாகப் பிரியும் முன்னர் இவ்வேணி முழுவதையும் பிழையின்றிப் படியெடுத்தாக வேண்டும்.

இம்மூலக்கூறு உறுதியானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் உடல் வெப்பமும் நீரும் மூச்சுக்காற்றின் துணைவிளைவுகளுமே ஒவ்வோர் உயிரணுவிலும் நாள்தோறும் பல்லாயிரம் சேதங்களை விளைவிக்கின்றன. இவற்றைத் தேடிக் கண்டுபிடித்து வெட்டியெடுத்துச் சீராக்கும் நொதிகள் ஓயாது பணியாற்றுவதனாலேயே நாம் உயிர்வாழ்கிறோம். இச்சீராக்க முறைகளை விளக்கியதற்காக தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசீஸ் சன்சார் ஆகிய மூவருக்கும் 2015-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சேதம் அளவு கடந்துவிட்டால் என்ன ஆகும்? பி53 என்ற புரதம் அப்போது செயற்படுகிறது. அது பிரிதலை நிறுத்திச் சீராக்கத்துக்குக் காலம் கொடுக்கும். சீராக்க இயலாது என்ற நிலையில் உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளுமாறு செய்யும். அலுவலக மொழியில் கூறுவதானால், தணிக்கையாளருக்கு நிறுவனத்தையே மூடும் அதிகாரமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டுள்ளது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இப்புரதத்துக்குரிய மரபணு பழுதுபட்டிருக்கிறது.

புற்றுநோய் உயிரணுவிடம் இரு குறைகள் உண்டு. ஒன்று அவசரம், சேதத்தைச் சரிபார்க்க நிற்காமலே அது படியெடுக்கத் தொடங்கிவிடுகிறது. மற்றொன்று சீராக்கும் திறனில் உள்ள ஓட்டைகள். டி.என்.ஏ.யைத் தாக்கும் மருந்துகள் இவ்விரு குறைகளையே பயன்படுத்திக்கொள்கின்றன. புற்று உயிரணு எது, நல்ல உயிரணு எது என்று பிரித்தறியும் ஆற்றல் அம்மருந்துகளுக்குக் கிடையாது. இருவகை உயிரணுக்களும் தாக்கப்படுகின்றன. ஒன்று மீள்கிறது, மற்றொன்று மீளாமல் மடிகிறது. இச்சிகிச்சையின் வெற்றியும் துன்பமும் இவ்வேறுபாட்டின் அளவைப் பொறுத்தவை.

நச்சு வாயுவிலிருந்து மருந்து

இத்துறையின் தொடக்கம் போர்க்காலத்தைச் சார்ந்தது. கடுகு வாயு என்ற போர் நச்சு, தாக்குண்டோரின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடுவது முதல் உலகப் போரை ஒட்டியே கவனிக்கப்பட்டிருந்தது. அதற்கு நெருங்கிய உறவுடைய நைட்ரஜன் மஸ்டர்டு என்ற பொருளை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்பிரட் கில்மன் ஆகியோர் 1942-இல் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்திப் பார்த்தனர். கட்டிகள் வியக்கத்தக்க வகையில் சுருங்கின; சில வாரங்களில் மீண்டும் வளர்ந்தன. போர் இரகசியமாகக் காக்கப்பட்ட இச்செய்தி 1946-இல்தான் வெளியாயிற்று. இடையில், 1943 டிசம்பரில் இத்தாலியின் பாரி துறைமுகத்தில் குண்டுவீச்சுக்கு இலக்கான கப்பலொன்றில் இருந்த கடுகு வாயுக் குண்டுகள் வெடித்துப் பலர் மாண்டனர். அவர்களது இரத்தத்திலும் வெள்ளணுக்கள் அழிந்திருந்தது பதிவாயிற்று.

நைட்ரஜன் மஸ்டர்டுக்கு இரு கைகள் உண்டு எனலாம். ஒரு கை ஏணியின் ஒரு பக்கத்தில் உள்ள குவானைனையும், மறு கை எதிர்ப்பக்கத்துக் குவானைனையும் பற்றிக்கொள்கின்றன. படியெடுப்பதற்கு ஏணியின் இரு பக்கங்களும் பிரிந்தாக வேண்டும். பூட்டுப் போட்டது போல் அவை இணைந்துவிட்டால் படியெடுக்கும் நொதி அங்கேயே நின்றுபோகிறது. மார்பகப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் இன்றும் வழங்கப்படும் சைக்ளோபாஸ்பமைடு இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

பிளாட்டினத்தின் வழி

இவ்வகைத் தாக்குதலை மிகத் தெளிவாக விளக்கக் கூடியது சிஸ்பிளாட்டின். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வாய்ப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு இது முக்கிய மருந்தாகையால் சற்று விரிவாகக் காண்பது தகும்.

இத்தாலிய வேதியியலாளர் மிக்கேல் பெய்ரோன் இச்சேர்மத்தை 1845-லேயே தயாரித்துவிட்டார். நூற்றிருபது ஆண்டுகள் அது வேதியியல் பாடப்பொருளாக மட்டுமே இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்னெட் ரோசன்பர்க், உயிரணுப் பிரிதலில் மின்புலத்துக்குப் பங்கு உண்டா என்று ஆராயும் பொருட்டு, பாக்டீரியாக்கள் வளரும் நீர்மத்தில் பிளாட்டின மின்முனைகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். பாக்டீரியாக்கள் பிரியவில்லை, சாவாமல், இயல்பைக் காட்டிலும் முந்நூறு மடங்கு வரை நூல் போல நீண்டன. மின்சாரம் இதற்குக் காரணமன்று. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினச் சேர்மமே பிரிதலைத் தடுத்தது என்பது நெடிய ஆய்வுக்குப் பின் தெரியவந்து 1965-இல் வெளியிடப்பட்டது. சுண்டெலிகளில் கட்டிகளை அது கரைத்தது 1969-இல் அறிவிக்கப்பட்டது. 1978-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. தவறான ஊகத்துடன் தொடங்கிய ஆராய்ச்சிக்கு நிதி வழங்கலாமா என்ற வினாவை எழுப்பும் நம்மைப் போன்றோர் இவ்வரலாற்றை ஒருமுறை படிப்பது நலம்.

அம்மருந்து செயற்படும் முறை எளியது. நடுவே ஒரு பிளாட்டின அணு. அதனுடன் இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. இரத்தத்தில் குளோரைடு மிகுதியாதலால் மருந்தின் குளோரைடுகள் பெரும்பாலும் கழலுவதில்லை. உயிரணுவுக்குள் குளோரைடு மிகக் குறைவு. அங்கு நுழைந்ததும் அவை கழன்று, அவ்விடத்தில் நீர் மூலக்கூறுகள் வந்து சேர்கின்றன. அந்நிலையில் பிளாட்டினம் டி.என்.ஏ.யில் அடுத்தடுத்துள்ள இரு குவானைன்களைப் பற்றிப் பிணைத்துக்கொள்கிறது. நேராக இருந்த ஏணி அவ்விடத்தில் வளைந்துபோகிறது. படியெடுக்கும் நொதி வளைவைக் கடக்க இயலாமல் நிற்கிறது; நின்ற இடத்திலிருந்து அபாய அறிவிப்புகள் எழுகின்றன; சீராக்கம் கைகூடாவிடில் உயிரணு மடிகிறது.

வளைந்த பகுதியை வெட்டியெடுத்து மாற்றும் நொதிக்குழு நல்ல உயிரணுக்களில் உண்டு. விதைப்பை உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோயில் அத்திறன் குறைவு. அதே வேளையில் பி53 பெரும்பாலும் பழுதின்றி இருக்கிறது. எனவேதான் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய பின்னரும் அந்நோயாளிகளில் பெரும்பான்மையோர் சிஸ்பிளாட்டின் கலந்த சிகிச்சையால் முற்றிலும் குணமடைகின்றனர். எல்லாப் புற்றுநோய்களும் இவ்வாறு பணிவதில்லை.

இம்மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. அதனைத் தவிர்க்கும் பொருட்டு, செலுத்துவதற்கு முன்னும் பின்னும் உப்புநீரைச் சிரை வழியே ஏராளமாக ஏற்றுகின்றனர். ரசீதுகளில் மருந்தின் விலையை அடுத்து உப்புநீர்ப் பாட்டில்கள் வரிசையாகக் காணப்படுவதன் காரணம் இதுவே. முன்பு அவ்வரிசையையும் நான் ஐயத்துடன் நோக்கியதுண்டு.

பிற வழிகள்

கட்டுமானப் பொருள் கிடைக்காமற் செய்வது மற்றொரு வழி. மெத்தோட்ரெக்சேட்டு, ஃபுளூரோயுராசில் ஆகியவை டி.என்.ஏ.வுக்கு வேண்டிய தைமின் உற்பத்தியைத் தடுக்கின்றன. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவானதே அமினோப்டெரின். அதனைக் கொண்டு பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்தார். பத்துக் குழந்தைகளிடம் தற்காலிக முன்னேற்றம் காணப்பட்டதை 1948-இல் அறிவித்தார். மெத்தோட்ரெக்சேட்டு அதன் நெருங்கிய உறவு. அவ்வாண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார்.

இன்னொரு வழி நுட்பமானது. டி.என்.ஏ.யின் முறுக்கைத் தளர்த்துவதற்காக அதனை வெட்டி, முறுக்கு நீங்கியதும் மீண்டும் ஒட்டும் நொதிகள் உள்ளன. டாக்சோரூபிசின், எட்டோபோசைடு, இரினோட்டெகான் போன்ற மருந்துகள் வெட்டிய நிலையிலேயே நொதியைச் சிக்கவைத்துவிடுகின்றன. உயிரணுவின் சொந்தக் கருவியே அதன் டி.என்.ஏ.யைத் துண்டாடுகிறது. எட்டோபோசைடுக்கு மூலமான பொருள் இமயமலைச் செடியொன்றிலும் கிடைக்கிறது. இரினோட்டெகானின் மூலமான கேம்ப்டோதெசின் முதலில் சீன மரத்தில் காணப்பட்டது. நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் அது மிகுந்திருப்பதை டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விசுவநாதனும் 1972-இல் வெளியிட்டனர். அதன் பின் அம்மரங்கள் அளவுக்கு மீறி வெட்டப்பட்டது தனியே எழுதத்தக்க செய்தி.

மூன்று வாரமும் ஆறு தவணையும்

இனிக் கோப்பில் எழுந்த வினாவுக்கு வருவோம். தலைமுடி வேர், குடலின் உட்படலம், எலும்பு மஜ்ஜை ஆகிய மூன்றும் இயல்பாகவே விரைந்து பிரியும் உயிரணுக்களால் ஆனவை. ஆதலால் மருந்தின் அடி அவற்றின்மீதும் விழுகிறது. முடி உதிர்தல், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு யாவும் அதன் விளைவே. பல மருந்துகளில், செலுத்திய பத்து முதல் பதினான்கு நாட்களில் வெள்ளணுக்கள் மிகத் தாழ்ந்து, மூன்றாம் வார முடிவில் பெரும்பாலும் மீள்கின்றன. அடுத்த தவணையை அதற்கு முன் கொடுத்தால் நோயாளி தொற்றுநோயால் இறக்கக் கூடும். மிகவும் பின்தள்ளினால் புற்று உயிரணுக்களும் மீண்டுவிடும். மூன்று வாரம் என்ற இடைவெளி இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்தது.

ஆறு தவணைகள் ஏன்? அமெரிக்காவில் ஹோவர்டு ஸ்கிப்பரும் அவர்தம் குழுவினரும் 1960-களில் இரத்தப் புற்றுநோயுற்ற சுண்டெலிகளிடம் கண்ட உண்மை இதற்கு அடிப்படை. ஒரு தவணை மருந்து குறிப்பிட்ட எண்ணிக்கை உயிரணுக்களைக் கொல்வதில்லை; இருப்பதில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டைக் கொல்கிறது. கூட்டு வட்டிக் கணக்கு அறிந்தவர்க்கு இது உடனே விளங்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஒரு கிராம் எடையுள்ள கட்டியில் சுமார் 100 கோடி உயிரணுக்கள் உள்ளன. ஒவ்வொரு தவணையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொல்வதாகவும், எஞ்சியவை மூன்று வாரத்தில் நான்கு மடங்காகப் பெருகுவதாகவும் கொள்வோம். முதல் தவணைக்குப் பின் எஞ்சுவது ஒரு கோடி. இரண்டாவதன் பின் 4 லட்சம். மூன்றாவதன் பின் 16,000. நான்காவதன் பின் 640. ஐந்தாவதன் பின் ஏறத்தாழ 26. ஆறாவதன் பின் ஒன்று. முதல் தவணை முடிந்து ஒரு கோடி உயிரணுக்கள் எஞ்சியபோதே கட்டியின் எடை பத்து மில்லிகிராம்தான். எந்தப் படத்திலும் அது தெரியாது. படத்தில் தெரியாமையும் உடலில் இல்லாமையும் வெவ்வேறு. நான்காவதுடன் நிறுத்தினால் எஞ்சிய 640 உயிரணுக்கள் அதே வேகத்தில் ஏழு மாதங்களில் மீண்டும் 100 கோடியாகும்.

மெய்யான கட்டிகள் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. அவற்றுள் உறங்கும் உயிரணுக்கள் உண்டு. மருந்தை வெளியேற்றக் கற்றவையும், சீராக்கும் திறனை மீட்டுக்கொண்டவையும் உண்டு. பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் பழுதுபட்ட சூலகப் புற்றுநோய்க்கு இரட்டை முறிவுகளைச் சரிவரச் சீராக்க இயலாது. பிளாட்டின மருந்துக்கு அது நன்கு பணிவது அதனால்தான். எஞ்சியுள்ள மற்றொரு சீராக்க வழியையும் அடைக்கும் ஒலாபரிப் என்ற மாத்திரை 2014-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. எனினும், அதே மரபணு மறுமாற்றத்தால் சில உயிரணுக்களில் மீண்டும் செயற்படத் தொடங்கும்போது மருந்து பயனற்றுப்போகிறது. எஞ்சும் உயிரணுக்களின் எண்ணிக்கை பெருகப் பெருக இவ்வாய்ப்பும் பெருகும்.

அளவும் இடைவெளியும் நடைமுறையில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 300 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டினை மூன்று வாரங்களுக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் பெற்றவர்களில் ஈராண்டு முடிவில் 73.1 விழுக்காட்டினரிடம் நோய் அதன் இடத்தில் கட்டுப்பட்டிருந்தது. வாரந்தோறும் 30 மில்லிகிராம் பெற்றவர்களிடம் இது 58.5 விழுக்காடு. வாரந்தோறும் 40 மில்லிகிராம் கொடுத்த ஜப்பானிய ஆய்வில் பின்னடைவு தென்படவில்லை. ஆகவே வாரமுறையே தவறு என்பதன்று; குறைந்த அளவு குறைந்த பயனையே தந்தது. உட்கொள்ளும் துன்பம் கருதியும், வந்துபோகும் வசதி கருதியும் அளவைக் குறைக்கும் வழக்கம் பரவலாக இருந்த நேரத்தில் வந்த முடிவு இது.

மாவட்ட அளவில்

இம்மருந்துகளில் பல காப்புரிமை நீங்கியவை. சிஸ்பிளாட்டின் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. 2019-இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபத்துக்கு 30 விழுக்காடு வரம்பு விதித்தது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஏழைக் குடும்பங்களின் மருத்துவமனைச் செலவைப் பெருமளவு ஏற்கிறது. விலை குறித்த இம்முயற்சிகள் பெரிதும் பயன் தந்துள்ளன. ஆனால் தவணை தவறுவதற்கு மருந்தின் விலை மட்டும் காரணமன்று. முந்நூறு கிலோமீட்டர் பயணம், உடன் வருபவரின் கூலி இழப்பு, இரத்தப் பரிசோதனை அறிக்கைக்காக மேலும் ஒரு நாள் தங்கல், அறுவடைக் காலம், இவையெல்லாம் மூன்று வாரத்தை ஐந்து வாரமாக்குகின்றன. மூன்றாண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், அவற்றுள் 200 மையங்கள் 2025-26-இல் அமையும் என்றும் மத்திய வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. இத்தகைய மையத்தில் கட்டடத்தைக் காட்டிலும் முதன்மையானவை, அன்றைய வெள்ளணு எண்ணிக்கையை அன்றே தரும் பரிசோதனைக்கூடமும், நச்சு மருந்தைக் கலக்கப் பயிற்சி பெற்ற செவிலியரும், இருப்புத் தீராத மருந்தறையும் ஆகும் என்பது என் கருத்து. வராத நோயாளியை அன்று மாலையே தொலைபேசியில் அழைக்க ஓர் ஊழியரும் வேண்டும்.

கோப்புக்கு விளக்கம் வந்த அன்றே முன்பணத்துக்கு ஒப்புதல் அளித்தேன். பின்னர் இறுதிக் கணக்குடன் வந்த சிகிச்சைக் குறிப்பைத் தேதிவாரியாகப் பார்த்தேன். நான்காம் தவணைக்கும் ஐந்தாம் தவணைக்கும் இடையே 33 நாட்கள் இருந்தன. மேற்கண்ட கணக்கின்படி, 21 நாட்களில் நான்கு மடங்காகும் உயிரணுக்கள் 33 நாட்களில் ஏறத்தாழ ஒன்பது மடங்காகும். தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில், "பணம் கிடைக்கவில்லை" என்று மருத்துவர் எழுதியிருந்தார்.